கச்சான் காற்றோடு கடலுக்கு: பதுளையிலிருந்து பாசிக்குடாவும் புறாத்தீவும்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் பதுளை பஸ் நிலையத்தில் காலையில் ஏறினால் அன்று பொழுது சாய்வதற்குள் கிழக்குக் கடலில் கால் நனைத்துவிடலாம். பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா என்று மலையிறங்கிச் செங்கலடியில் முடிகிற ஏ5 பாதை நம்மை மட்டக்களப்பு வாசலில் கொண்டுபோய் விடுகிறது. பதுளையிலிருந்து செங்கலடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலர் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. கண்டவர்களும் பெரும்பாலும் கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள். தண்ணீருக்குள் முகம் வைத்துப் பவளப்பாறை பார்ப்பது வெள்ளைக்காரப் பயணிகளுக்கான காரியம் என்று நாமே ஒதுங்கி நிற்கிறோம். அந்த ஒதுக்கம் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயத்தை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

இது இருவருக்கான திட்டம். நான்கு நாள், மூன்று இரவு. இருவருக்குமே நீந்தத் தெரியாது என்று வைத்தே எழுதியிருக்கிறேன். மலையில் வளர்ந்த நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு நாள் பழக வேண்டும். பிறகு திருகோணமலை போய், நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நேராகத் திருகோணமலை போய், முகக்கண்ணாடியை முதன்முதலாகப் படகில் வைத்து மாட்டுகிறவர்கள் பயந்துபோய்ப் பத்து நிமிடத்தில் கரையேறிவிடுவார்கள். படகுக்குக் கொடுத்த காசு அதோடு போகும்.

எந்த மாதம்

ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசுகிற கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டுபோய் நம் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் தேயிலைக்கு அந்த வாசம் ஏறுகிறது. அதே காற்று மட்டக்களப்பையும் திருகோணமலையையும் தாண்டிக் கடலுக்குள் போகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத்தில் அலை படுத்துவிடும், தண்ணீர் தெளியும். கிழக்குக் கடலில் இறங்க ஏற்ற காலம் சித்திரைப் புத்தாண்டு கழிந்ததிலிருந்து செப்டம்பர் வரை என்பதற்குக் காரணம் இதுதான்.

தோட்டத்தில் கைக்காசு பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காற்று பலத்து, கொழுந்து குறைந்து, கூடுதல் கிலோவுக்கு வழியில்லாமல் போகிற வாரங்களில் லீவு எடுத்தால் இழப்பு குறைவு. வெசாக், பொசன் நீண்ட விடுமுறைகளையும் ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையின் சனி, ஞாயிறுகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அறை வாடகை ஏறும், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, தீவில் தண்ணீருக்குள் மீனைவிட மனிதக் கால்கள்தான் அதிகம் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் நாட்களில் கடலில் இருக்கும்படி திட்டமிட்டால் நல்லது.

தைப்பொங்கலுக்குத்தான் லீவு கிடைக்கும் என்றால் கிழக்கை மறந்துவிடுங்கள். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று அந்தக் கடலைக் கலக்கி வைத்திருக்கும். அந்த மாதங்களில் தெற்குதான் சரி. வெல்லவாய, திஸ்ஸமஹாராமை வழியாக மாத்தறை போனால் பொல்ஹேனயில் கரையை ஒட்டியே ஒரு பாறைத்தடுப்பு அலையை வெளியே நிறுத்தி வைக்கிறது. உள்ளே குளம்போல் இருக்கும். இன்னும் மேற்கே போனால் ஹிக்கடுவை. அங்குள்ள பவளம் 1998இல் கடல்நீர் சூடேறியபோது பெருமளவு வெளுத்துச் செத்தது. ஆனாலும் ஆமையும் மீனும் இன்று வரை உண்டு.

ஆடி மாதம் கதிர்காமம் போகிற குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீர்த்தம் முடிந்ததும் "அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வருவோம்" என்று கிரிந்தைக்கு வான் திருப்புகிற வழக்கம் இருக்கிறது. பாருங்கள், இறங்காதீர்கள். அந்த மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிப்பின் உச்சத்தில் இருக்கும். முழங்கால் அளவில் நிற்கிறவரையும் பின்வாங்கும் அலை இழுத்துக்கொண்டு போகும்.

அறுகம்குடாவைப் பற்றியும் கேட்பீர்கள். மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலுக்குப் போவது நமக்குக் கிட்டிய கடல்தான். ஆனால் அது அலைச்சறுக்குக்காரர்களின் கடல். நீந்தத் தெரியாத இருவர் மீன் பார்க்கப் போகிற இடம் அதுவல்ல.

காசுக் கணக்கு

தோட்டத்துக் கணக்கில், அதாவது 'பேர்' (ஒரு நாள் சம்பளம்) கணக்கில் சொல்கிறேன். எத்தனை நாள் உழைப்பு இதற்குப் போகிறது என்று தெரிந்தால்தான் மனசு ஒரு முடிவுக்கு வரும். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவுகோலை வைத்து இருவருக்கும் சேர்த்து 24 பேர், அதாவது 32,400 ரூபா ஒதுக்குங்கள் என்பது என் யோசனை. பிடிப்புகள் போக கையில் வருவது இதைவிடக் குறைவு என்பதால் சேர்க்க இன்னும் சில நாள் கூடுதலாக எடுக்கும். இருவரும் வேலை செய்கிற வீட்டில், மாதம் இரண்டு பேரைத் தனியே எடுத்து வைத்தால் ஓர் ஆண்டில் சேர்ந்துவிடும். சீட்டுப் போட்டுச் சேர்த்தாலும் சரி. தீபாவளி முற்பணத்தை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். அது மாதாமாதம் சம்பளத்தில் கழியும்போது போய்வந்த சந்தோஷமும் சேர்ந்து கழியும்.

பங்கீடு இப்படி: பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 5 பேர், மூன்று இரவு அறைக்கு 9, சாப்பாட்டுக்கு 5, கடலுக்கு 4, கைச்செலவுக்கு 1. விலைகள் மாறும், புறப்படும் முன் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கடலுக்கென்று வைத்த நான்கு பேரில் கை வைக்க வேண்டாம். படகு, தீவுக்கான அனுமதிச்சீட்டு, முகக்கண்ணாடி, காப்பங்கி (லைஃப் ஜாக்கெட்) எல்லாம் அதில் அடங்கும். நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது தலைகீழ். அறைக்கு ஏ.சி. கேட்பார்கள், இரவுக்குப் பெரிய மீன் வாங்கிப் பொரிப்பார்கள், கடைசியில் படகுக்காரரிடம் காப்பங்கி வாடகையில் பேரம் பேசுவார்கள். குறைக்க வேண்டியது அறையில். கடலைப் பார்த்த அறைக்கும் அதிலிருந்து ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் கிடைக்கும் வீட்டு அறைக்கும் வாடகை வித்தியாசம் பெரிது. காலை ஆறு மணிக்கே வெளியே போகிறவர்களுக்கு மின்விசிறியும் நல்ல தண்ணீரும் கதவில் ஒழுங்கான தாழ்ப்பாளும் போதும். இருவரும் தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கும் கேட்பார்கள், தீவுக்கும் அது வேண்டும்.

சாப்பாட்டில் கஷ்டப்பட வேண்டியதில்லை. முதல் நாளுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டா சம்பலும் கட்டிக்கொண்டு போனால் பகல் பொழுது முடிந்தது. கிழக்கில் மதியச் சோத்துப் பார்சல் இருவருக்கு ஒன்றரை வாங்கினாலே நிறையும். மட்டக்களப்புப் பக்கம் சட்டித் தயிரை விடாதீர்கள்.

இறங்கும் பாதை

பதுளையிலிருந்து காலை பஸ்ஸிலேயே போங்கள். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையிலான வளைவுகள் எப்படிப்பட்டவை என்பதை 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தபோது நாடே அறிந்தது. அந்தப் பாதையில் இரவுப் பயணம் வேண்டாம், போட்டிக்கு ஓடுகிற பஸ்ஸும் வேண்டாம். சீ.டீ.பீ. பஸ் கொஞ்சம் மெதுவாகப் போனால் போகட்டும். தலைசுற்றல் உள்ளவர் முன்பக்க ஆசனத்தில் உட்கார்ந்து, வெறும் வயிறாகவும் இல்லாமல், நிறையத் தின்றும் இல்லாமல் புறப்பட வேண்டும். பிபிலையைத் தாண்டினால் வளைவு குறைந்து வெக்கை தொடங்கும். மஹாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. இந்தத் திட்டத்தில் அதற்கு நேரமில்லை.

செங்கலடியில் இறங்கி, மட்டக்களப்பு நகருக்குப் போகாமல் வடக்கே வாழைச்சேனைப் பக்கம் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கல்குடா, பாசிக்குடா. பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கும் கரையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். அவை போர் முடிந்த பிறகு எழுந்தவை, நம் கணக்குக்கு அப்பாற்பட்டவை. கல்குடா, வாழைச்சேனை ஊர்களுக்குள்ளே வீடுகளில் அறை கிடைக்கும். கடலும் மணலும் எல்லாருக்கும் பொது. பொதுமக்கள் குளிக்கிற பகுதிக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பாசிக்குடாவில் பழகுவது

குடாவை வெளியே உள்ள பாறைத்திட்டு மறித்திருப்பதால் இங்கே அலை இல்லை என்றே சொல்லலாம். கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பவளம் பார்க்க இது பெரிய இடமில்லை, மணல்தான் அதிகம். ஆனால் முகக்கண்ணாடியோடும் மூச்சுக் குழாயோடும் பழகுவதற்கு இதைவிடத் தோதான தண்ணீர் இலங்கையில் வேறு உண்டா என்பது சந்தேகம்.

பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம். முகக்கண்ணாடி இரவலாகக் கிடைத்தால், பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, முகத்தை வைத்து வாயால் மூச்சு விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை நெஞ்சு படபடக்கும். மூக்கு அடைபட்டிருப்பதை உடம்பு மூச்சுத்திணறல் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு வாரம் தினம் ஐந்து நிமிடம் செய்தால் அந்தப் பயம் கடலுக்குப் போகும் முன்பே போய்விடும்.

வாடகைக் கடையில் கண்ணாடி தேர்ந்தெடுக்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் கண்ணாடி முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்களுக்குச் சரியானது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாத கண்ணாடிக்குள் தண்ணீர் வரும். மீசை வைத்தவர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலீன் தடவிக்கொள்ளலாம். நெற்றி முடியை முழுதாகப் பின்னே தள்ளிவிட வேண்டும்; ஒரு மயிர் மாட்டினாலும் ஒழுகும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும். முகம் முழுவதையும் மூடுகிற புது வகைக் கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் புகுந்தால் புதியவர்களால் அதைச் சட்டென்று கழற்ற முடியாது.

தண்ணீரில் இறங்கியதும் காப்பங்கியை மாட்டி, மார்புப் பட்டியை இறுக்கி, இடுப்பளவில் நின்றபடியே குனிந்து முகத்தை மட்டும் வையுங்கள். செங்குத்து மலையில் கூடையோடு ஏறும்போது அவசரப்படாமல் இழுத்து விடுவோமே, அந்த மூச்சு. குழாயில் தண்ணீர் வந்தால் பதறாமல் ஒரே ஊதாகப் பலமாக ஊத வேண்டும், தண்ணீர் மேலே தெறித்துவிடும். அது கைவந்த பிறகு ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்ள, கால்களை மெல்லத் தூக்கி மிதந்து பாருங்கள்.

பாசிக்குடாவில் ஒரு புதுமணத் தம்பதி பழகிக்கொண்டிருந்ததை அருகில் நின்று பார்த்தேன், பசறைப் பக்கத்துப் பிள்ளைகள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூச்சு விட்டுத் தலையைத் தூக்கிவிடுவாள். கணவன் பக்கத்தில் நின்று "ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் பயம்தான், குரலில் தெரிந்தது. கண்ணாடி வாடகைக்குக் கொடுத்த முதியவர் கரையிலிருந்து இறங்கி வந்தார். "தங்கச்சி, தலையத் தூக்க வேணாம். கீழ மணல்ல என்ன இருக்கெண்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். அவள் மறுபடி முகம் வைத்தாள். அவள் தலை மேலே வரவேயில்லை. குழாய் வழியாக ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நகர்ந்தாள். மணலில் ஒரு சிறு திருக்கை படுத்திருந்ததாம். பயம் போக வேண்டுமென்றால் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்பது அந்த முதியவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் துணைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

திருக்கை என்றதும் சொல்லிவிடுகிறேன். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும், முள்ளால் குத்தாது. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போக வேண்டும்.

உடை விஷயத்தில் பெண்களிடம் ஒன்றை வலியுறுத்துகிறேன். நைட்டியோடும் பாவாடையோடும் தாவணியோடும் கடலில் இறங்க வேண்டாம். பருத்தித் துணி தண்ணீர் குடித்துப் பல மடங்கு கனக்கும், காலைச் சுற்றும், மிதக்க விடாது. நீளக் கையுள்ள டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போதும். உடம்பும் மறையும், வெயிலும் சுடாது, விலைகூடிய சன்கிரீமும் தேவைப்படாது. ஆண்களும் சட்டையில்லாமல் இறங்க வேண்டாம். குப்புற மிதக்கும்போது முதுகு முழுவதும் வெயிலில் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் சூடு தெரியாது, இரவில் படுக்க முடியாமல்தான் தெரியும்.

கச்சான் கரையோர அலையைப் படுக்க வைக்கிறது என்றேன். அதே காற்றால்தான் இந்தக் கரையில் ஆபத்தும். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால், காற்றடைத்த டியூபிலோ பிளாஸ்டிக் மெத்தையிலோ படுத்திருப்பவரைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். அலை இல்லாததால் ஆபத்து இருப்பதே தெரியாது. டியூப் வேண்டவே வேண்டாம். காப்பங்கியோடு மிதக்கும்போதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து, கரையில் குறித்து வைத்த மரமோ கட்டடமோ நேரே இருக்கிறதா என்று பாருங்கள். போகும்போது காற்றுக்கு எதிராகவும் திரும்பும்போது காற்றோடும் வருமாறு கரையை ஒட்டியே இருங்கள். காற்று எழுந்துவிட்டால் கரையேறிவிடுவது நல்லது. குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இழுப்பு, வலிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குழாய் மாட்ட வேண்டாம். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை.

திருகோணமலைக்கு

மூன்றாம் நாள் கடலில் காலையிலேயே இருக்க வேண்டும் என்பதால் இரண்டாம் நாள் பிற்பகலே வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டுவிடுங்கள். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கம், கிண்ணியா என்று கடலோரமாகவே போகிற ஏ15 பாதை அது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம். வழியில் காயங்கேணிக் கடலில் நல்ல பவளம் இருக்கிறது, அதைச் சரணாலயமாக அறிவித்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போக அனுபவமும் தனிப்படகும் வேண்டும் என்பதால் முதல் பயணத்தில் விட்டுவிடலாம். இரவு தங்க உப்புவெளி அல்லது நிலாவெளி. நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் வடக்கே. குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் அவ்வழியே போகும்.

புறாத்தீவு

ஊரார் புறாமலை என்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பாறைகள் குவிந்த சிறு தீவு, பக்கத்தில் அதைவிடச் சிறியது ஒன்று. அந்தப் பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் நூறு வகைப் பவளமும் முந்நூறு வகை மீனும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

அனுமதிச்சீட்டை நிலாவெளிக் கரையிலுள்ள வனஜீவராசிகள் திணைக்களக் கரும பீடத்தில் வாங்க வேண்டும். நம் நாட்டவருக்கான கட்டணம் வெளிநாட்டவருடையதில் சிறு பங்குதான், அடையாள அட்டையைக் காட்டினால் சரி. ஆனால் ஆள் கட்டணத்தோடு முடியாது. குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வரி என்று சேரும். படகையும் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் முழுப் படகாகவே பேசுவார்கள். எனவே இருவர் தனியே போனால் செலவு தோளை அழுத்தும், இன்னும் இரண்டு ஜோடி சேர்ந்தால் மூன்றில் ஒன்றாகும். முந்தைய நாள் மாலையே கரைக்குப் போய், மறுநாள் யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள். நம் மொழி பேசுகிற கரை என்பதில் இங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது. "நானா, நாளைக் காலையில ரெண்டு பேருக்கு இடமிருக்குமா? இன்னொரு படகோடு சேர்த்து விடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் வழி பண்ணிவிடுவார்கள். கூலியை மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் தீவில் விடுவார், காப்பங்கியும் கண்ணாடியும் அதில் சேருமா, அவரோ அவருடைய ஆளோ தண்ணீருக்குள் கூட வருவார்களா என்று நான்கையும் பேசி முடியுங்கள். நீந்தத் தெரியாதவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கூட வர ஒருவர் இருந்தால் அதற்குக் கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள்.

காலை முதல் படகுகளில் ஏறுங்கள். கடல் தெளிந்திருக்கும், கூட்டம் இருக்காது, கருப்புநுனிச் சுறாக்களையும் அப்போதுதான் காணலாம். சுறா என்றதும் பயப்பட வேண்டாம். முதுகுத்துடுப்பின் நுனியில் மை தொட்டதுபோன்ற கருப்போடு வரும் இந்தச் சுறாக்கள் கூச்ச சுபாவம் உள்ளவை, துரத்தினால் ஓடிவிடும். அசையாமல் மிதந்தால் தாமாகவே சுற்றி வரும். ஆமையைக் கண்டால் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும், வழியை மறிக்கக் கூடாது.

தீவில் கடை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, நிழலும் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீரும் வாழைப்பழமும் எடுத்துப் போங்கள். பொலித்தீனைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். கரையில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள் அதிகம், வெறுங்காலில் நடந்தால் வெட்டும். பட்டி வைத்த செருப்பு இல்லாவிட்டால் ரப்பர் சப்பாத்து.

அந்த வெள்ளைத் துண்டுகளை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள், சிறு சிறு துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் இருந்தது. மான்கொம்புபோல் கிளைவிடும் பவளம் ஒரு விரல் வளரவே மாதக்கணக்கில் ஆகும், மேசைபோல் விரிந்து நிற்பவற்றின் வயதோ பல ஆண்டுகள். காலூன்றி நிற்க ஒரு நொடி இடம் தேடுகிற மனிதனால் அத்தனையும் முறிந்துபோகிறது. காப்பங்கி மாட்டியவருக்கு நிற்க வேண்டிய தேவையே இல்லை, களைத்தால் மல்லாந்து படுத்துவிடலாம். ஆழம் குறைந்து பவளம் வயிற்றுக்குக் கிட்டே வந்தால் கால்களை அடிக்காமல் கையால் மெல்லத் துழாவி விலகுங்கள். துண்டோ சிப்பியோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம், கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிடுங்கள். மீனுக்கு ரொட்டி போடவும் வேண்டாம். பவளத்தின் மேல் படரும் பாசியைத் தின்று அதைக் காப்பாற்றுகிற மீன்கள், ரொட்டிக்குப் பழகிவிட்டால் அந்த வேலையை விட்டுவிடும்.

தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் மூன்று சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: நன்றாக இருக்கிறேன், ஏதோ சரியில்லை, கரைக்குப் போவோம். அந்த மூன்றாவதை ஒருவர் காட்டினால் மற்றவர் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். கயிறு கட்டிய எல்லையைத் தாண்ட வேண்டாம், தீவைச் சுற்றி வர முயலவும் வேண்டாம். இரு முனைகளிலும் நீரோட்டம் இழுக்கும். அரை மணி நேரம் தண்ணீரில், இருபது நிமிடம் கரையில் என்று மாறிமாறி இருந்தால் உடல் விறைக்காது. கடற்சொறி பட்டு எரிந்தால் நல்ல தண்ணீரால் கழுவாமல் கடல்நீராலேயே கழுவுங்கள்.

காசு போதாமல் தீவுக்குப் போக முடியாவிட்டால் மனம் தளர வேண்டாம். சீனன்குடாப் பக்கம் விமானப்படை பராமரிக்கும் மாபிள் பீச் அமைதியான குடா. ஓரத்துப் பாறைகளை ஒட்டி இடுப்பளவிலேயே மீன் பார்க்கலாம்.

மாலையும் மறுநாளும்

தீவிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டு, வெயில் தணிந்ததும் கோணேஸ்வரம் போங்கள். சுவாமி மலை உச்சியிலிருந்து கீழே தெரிகிற கடலுக்கும் உங்கள் காலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1620களில் போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயிலின் கற்கள் மலையடிக் கடலுக்குள் விழுந்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே மூழ்கி அவற்றைக் கண்டார்கள். நீங்கள் அங்கே இறங்க முடியாது, ஆழமும் நீரோட்டமும் அதிகம். ஆனால் அன்று காலை முகக்கண்ணாடி மாட்டிய கண்ணுக்கு அந்தத் தண்ணீர் வேறாகத் தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நகருக்கு அண்மையில்தான், நேரமிருந்தால் பார்க்கலாம்.

திரும்பி வர இரண்டு வழி. வந்தபடியே மட்டக்களப்புப் பக்கம் வந்து செங்கலடி வழியாக ஏறலாம்; அல்லது ஹபரணை, பொலன்னறுவை, மஹியங்கனை என்று மாறிமாறி வந்து பதுளைக்கு ஏறலாம். இரண்டாவது சற்றுச் சுற்று, ஆனால் பசறை வளைவுகள் இல்லை. எதுவானாலும் நான்காம் நாள் விடிந்ததும் திருகோணமலையை விட்டுவிடுங்கள். பதுளையில் இறங்கிய பிறகும் தோட்டத்துக்கு இன்னொரு பஸ் இருக்கிறது. அது போய்விட்டால் லயத்து வாசலுக்கு ஆட்டோ பிடிக்க, மீதம் வைத்த அந்த ஒரு பேர் அப்படியே போய்விடும்.